மூன்று வேளைக் கேள்வி

அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தது நான். அதைக் கேட்கும் குரலும் என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிக் கதையில் யாரும் என்னைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சந்தோஷப்பட வேண்டாம்.

கோயம்புத்தூருக்கு வெளியே, பாலக்காடு சாலையில் இருந்தது அந்த மருத்துவமனை. பெயர் குரல் கூடம். இருநூற்றுப் பன்னிரண்டு கட்டில்கள். அவற்றில் கிடப்பவர்களுக்கு விரல் அசையாது, நாக்கு அசையாது, இமைகூட அசையாது. மூச்சுக்கு ஒரு மெஷின், சாப்பாட்டுக்கு வயிற்றில் ஒரு குழாய். ஆனால் காது நன்றாகக் கேட்கும். அறிவு முழுசாக இருக்கும். மண்டைக்குள் நகத்தளவு சில்லு ஒன்றைப் பதித்திருப்பார்கள். அவர் பேச நினைப்பதை அது சிக்னலாக அனுப்பும். அந்தச் சிக்னலைப் பேச்சாக மாற்றுவது ஒரு மென்பொருள். தலைமாட்டு ஸ்பீக்கரில் அவரவர் பழைய குரலிலேயே பேச்சு வரும்.

அந்த மென்பொருள் முன்பு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஒன்பது பழைய சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் போனால் இருநூறு பேரும் ஊமையாகிவிடுவார்கள். அதைக் கிளவுடுக்கு, அதாவது வெளியூரில் வாடகைக்குக் கிடைக்கும் பெரிய சர்வர்களுக்கு, மாற்றிக்கொடுக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். தலைமை மருத்துவர் ஜெயசீலனுக்கு முதல் நாளே விளக்க வேண்டியிருந்தது.

"சிந்துஜா, எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. கிளஸ்டர்னா என்ன?"

"ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு டப்பா டாக்டர். கன்டெய்னர்னு பேரு, நாங்க டப்பான்னுதான் சொல்வோம். அவரோட பேச்சு மென்பொருள் அதுக்குள்ள ஓடும். எல்லா டப்பாவையும் முப்பது மெஷின்ல பரப்பி வைப்போம். அந்த முப்பதும் சேர்ந்ததுதான் கிளஸ்டர். ஒரு மெஷின் செத்துப்போனா அதுல இருந்த டப்பாவெல்லாம் தானா அடுத்த மெஷினுக்குப் போயிரும். ஒரு டப்பா மக்கர் பண்ணினா, அதை அழிச்சுட்டு அதே மாதிரி இன்னொண்ணு ஓட ஆரம்பிச்சிரும்."

"அழிச்சுட்டா? அப்ப நோயாளி?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது டாக்டர். அவரைப் பத்திக் கத்துக்கிட்டதெல்லாம் தனியா ஒரு சேமிப்புல இருக்கும். புது டப்பா வந்ததும் அதை எடுத்து மாட்டிக்கும். ஏன்னா சிக்னல் ரொம்ப பலவீனம். வார்த்தையோட ஆரம்பத்தைத்தான் தரும். இவர் வழக்கமா எப்படிப் பேசுவார்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு மிச்சத்தை மென்பொருள்தான் நிரப்பணும்."

"அந்தச் சேமிப்பே கெட்டுப்போச்சுன்னா?"

நல்ல கேள்வி. அதற்கும் வழி வைத்திருந்தேன். மூன்று முறை புதுப்பித்தும் டப்பா சரியாகவில்லை என்றால், சேமிப்பை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, மாதிரி டப்பா ஒன்றை ஓடவிடும். பேச்சு நின்றுபோகாமல் இருக்கும். எனக்கு அலர்ட் வரும், நான் வந்து பார்ப்பேன். மாதிரிக்கு யாருடைய பழக்கத்தை வைப்பது? அப்போது எங்களிடம் முழுமையாக இருந்தது ஒருவருடையதுதான். தாமோதரன் என்பவர், குரல் கூடத்தின் முதல் நோயாளி. முப்பத்து நான்கு வருடம் ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போட்டவர். நான் வருவதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அப்புறம் நாலு பேருடையதைக் கலந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் அப்புறம் என்று ஒரு காலம் வந்ததே இல்லை.

மிச்சம் இருந்தது நலச் சோதனை. ஒவ்வொரு டப்பாவும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கிளஸ்டர் அடிக்கடி கேட்டுப் பார்க்க வேண்டும். முப்பது நொடிக்குள் சரியான பதில் வந்தால் பச்சை. மூன்று முறை தவறினால் டப்பாவை அழித்துப் புதுப்பித்துவிடும். இங்கே கேள்வி போக வேண்டியது மனிதனின் காதுக்கு. என்ன கேட்பது?

"நல்லா இருக்கீங்களான்னு கேக்கலாமா?" என்றேன்.

"படுத்த படுக்கையா இருக்கறவங்ககிட்டயா?" டாக்டர் தலையை ஆட்டினார். "நம்மூர்ல எல்லாரும் எல்லாரையும் கேக்கறதைக் கேளு. சாப்டாச்சுங்களா. எவனாவது இல்லைன்னு சொல்லிப் பாத்திருக்கியா?"

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு வாரம் நாற்பது நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்தோம். ஆச்சுங்க, ஆச்சும்மா, ம் ஆச்சு. குழாயில் கஞ்சி இறங்குகிறவர்கள் நாற்பது பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பதில் எப்போதும் ஒன்றாகவே வரும் கேள்வி கிடைப்பது எங்களுக்கு வரம். பதிலில் ஆச்சு என்ற சொல் இருந்தால் டப்பா நலம், இல்லாவிட்டால் கோளாறு என்று எழுதினேன். தேறிய பதிலைச் சரியான பதில் என்று குறித்துக்கொண்டு மென்பொருள் மேலும் கற்றுக்கொள்ளும்படியும் செய்தேன். காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஏழு. என் குரலிலேயே பதிவு செய்தோம், இதமாக இருக்கிறது என்று நர்சுகள் சொன்னதால்.

சுவரில் ஒரு பெரிய டி.வி. மாட்டி, இருநூற்றுப் பன்னிரண்டு கட்டங்களும் பச்சையாகத் தெரியும்படி வைத்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு பெண்மணி என் அறைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் துணிப்பை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீங்கதானுங்களா அந்தக் கம்ப்யூட்டரைப் பாத்துக்கறது? நான் கோகிலாங்க. நூத்தி நாப்பத்தொண்ணாம் நம்பர் கட்டலு, குழந்தைவேலு சம்சாரம்."

"சொல்லுங்கக்கா."

"எங்கூட்டுக்காரரு நல்லவராயிட்டாருங்க."

எனக்குப் புரியவில்லை. அதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன்.

"கல்யாணமாகி இருவத்தேழு வருசமாச்சுங்க. ஒரு நாளு வான்னு கூப்பிட்டதில்ல. ஏய்தான். ஆவாரம்பாளையத்துல லேத்து பட்டறை வெச்சிருந்தாரு. அந்தச் சத்தத்துல கத்திக் கத்தியே பழகிப்போச்சு. இங்க கொண்டாந்து பேச்சு வந்த பொறவும் அப்படித்தான் கத்துனாரு. இப்ப அஞ்சு மாசமா நான் உள்ள போனா, 'வாங்க அம்மணி, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீங்க'ங்கறாரு."

"நோவுல மனசு மாறியிருக்கலாமில்லக்கா?"

"நானும் அப்படித்தான் நெனச்சனுங்க." அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "பொய்யி சொல்லமாட்டேன். மொத வாரத்துலயே இது அவரில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. இருந்தும் யாருகிட்டயும் மூச்சு விடலீங்க. அந்த வாங்க அம்மணியக் கேக்கறதுக்காவே வெள்ளனா பஸ் ஏறி வந்தேன். எனக்கு வேண்டியிருந்துச்சு."

"இப்ப ஏன் சொல்றீங்க?"

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மூச்சு மெஷினை எடுக்கப் போறாங்களாமுங்க. அவரே சம்மதிச்சுட்டாராம்."

ஓய்வு ஒப்புதல் என்று அதற்குப் பெயர். இரண்டு மருத்துவர்கள் மூன்று தனித்தனி நாட்களில் நோயாளியிடமே கேட்பார்கள். போதும், மெஷினை எடுத்துவிடலாமா? மூன்று நாளும் மறுக்கவில்லை என்றால் தேதி குறிக்கப்படும். குடும்பத்தார் தடுக்க முடியாது. நோயாளியின் குரல்தான் முடிவு என்பது அந்தச் சட்டத்தின் பெருமை.

"நானும் பக்கத்துலதான் நின்னனுங்க. 'நீங்க சொன்னா சரிதானுங்க'ன்னாரு. மூணு நாளும் அதே வார்த்தை. அவரு எவன் சொன்னதுக்கும் சரின்னு சொன்ன ஆளில்லீங்க. லைசென்ஸ் கேட்ட போலீசுகிட்டயே சண்டைக்குப் போவாரு."

நூற்று நாற்பத்தொன்றாவது டப்பாவைத் திறந்து பார்த்தேன். பச்சை. ஐந்து மாதமாக ஒரு முறைகூடச் சோதனையில் தவறவில்லை. ஆனால் சேமிப்பு என்ற இடத்தில் ஒன்றுமே மாட்டியிருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மாதிரி டப்பா. குழந்தைவேலின் மண்டையிலிருந்து வந்த சிக்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அவருடைய குரலில், செத்துப்போன தாமோதரன் சேலை விற்றுக்கொண்டிருந்தார்.

எனக்கு அலர்ட் வந்திருக்க வேண்டுமே? வந்திருந்தது. மாதிரி டப்பா ஓட ஆரம்பித்ததும் அடுத்த சோதனையில் அது ஆச்சுங்க என்று பணிவாகச் சொல்லியிருக்கிறது. கோளாறு தீர்ந்ததென்று அலர்ட் தானே மூடிக்கொண்டது. தீர்ந்த அலர்ட்டை யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

அதற்கு முந்தைய சோதனைப் பதிவுகளைப் படித்தேன். கேள்வி, பதில், முடிவு. குழந்தைவேல் ஒவ்வொரு வேளையும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்.

சாப்டாச்சுங்களா? ஏன், நீ போட்டியா? கோளாறு.

சாப்டாச்சுங்களா? ஏன், நீ போட்டியா? கோளாறு.

ஒன்பது முறை. அதன்பின் அவருடைய சேமிப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டது என் கிளஸ்டர். அதில் ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் என் கேள்வியில் இருந்தது. ஊரே சொல்லும் பதிலைச் சொல்லாதவனைக் கெட்டுப்போனவன் என்று எழுதி வைத்தது நான்.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்று தேடினேன். மொத்தம் பதினொரு பேர். அவர்கள் அவர்களாக இருந்தபோது சொன்ன கடைசிப் பதில்கள் வரிசையாக இருந்தன. இல்ல, பசிக்குது. ஒரே ஒரு வாய் ரசஞ்சோறு நாக்குல வெய்யி, சாமி. எத்தனை தடவை இதையே கேப்பே? இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஒன்பது முறையும் இல்ல, இல்ல என்று மட்டும் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னவர்கள், சண்டை பிடித்தவர்கள், கேலி பேசியவர்கள், இவர்கள் பதினொரு பேர் வாயிலும் தாமோதரன் உட்கார்ந்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் சரிங்க என்று சொல்லிப் பிழைத்த மனிதர்.

பதினொரு பேரில் நான்கு பேர் இப்போது கட்டிலில் இல்லை. ஓய்வு ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண்ணும் அதில் ஒருத்தி.

நான்கு பேரின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதினேன். கோகிலா அதே இடத்தில் நின்றிருந்தார். "என்னாச்சுங்க?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கீழே பார்த்தபடி, "அப்ப அந்த அம்மணி அம்மணின்னது செத்தவருங்களா?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் ஜெயசீலனைக் கூட்டிக்கொண்டு நூற்று நாற்பத்தொன்றாம் கட்டிலுக்குப் போனேன். மாதிரி டப்பாவை நிறுத்தினேன். ஓரமாக இருந்த சேமிப்பை மாட்டிப் புது டப்பாவை ஓடவிட்டேன். முதலில் வெறும் கரகரப்பு வந்தது. ஐந்து மாதப் பழைய சேமிப்பு, தடுமாறியது. நான்கு நிமிடம் கழித்து ஸ்பீக்கர் பேசியது.

"எவன் அவன்?"

டாக்டர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு மாசமா என்ற வாயில பேசறானே, எவன் அவன்? நான் கத்தறேன், கத்தறேன், ஒருத்தனுக்கும் கேக்கல. சாவறதுக்குச் சரிங்கறான். வாங்க அம்மணிங்கறான். ஏய், கோகிலா! நீயும் பல்லைக் காட்டிட்டு உக்காந்திருந்தயே!"

கோகிலா அழுதுகொண்டே சிரித்தார். "ஆமாங்க மாமா. உக்காந்திருந்தேன். தப்புத்தானுங்க."

டாக்டர் கட்டிலருகே குனிந்தார். சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். மெஷினை எடுத்துவிடலாமா?

"எடுக்கறவன் கைய ஒடிப்பேன். ரெண்டு லேத்து சும்மா கெடக்குது அங்க."

வியாழக்கிழமை ரத்தானது. அறுபது நாள் கழித்து மறுபடி கேட்கப்படும் என்று குறித்துக்கொண்டார்கள். ஒருமுறை சம்மதித்துப் பின்வாங்கினால் அதுதான் விதி. மற்ற ஆறு பேரின் சேமிப்புகளையும் அன்றே மாட்டினேன். அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

மாலையில் டாக்டர் அறையில், சோதனைக் கேள்வியை உடனே மாற்ற வேண்டும் என்றேன்.

"முடியாதும்மா. அந்தக் கேள்வியோட சேத்துத்தான் கருவிக்கு மருத்துவச் சான்று வாங்கியிருக்கோம். ஒரு வரி மாத்தினாலும் குழு கூடணும். மூணு மாசமாவது ஆகும்."

"அதுவரைக்கும் சோதனையை நிறுத்தி வெக்கலாமே?"

"சோதனை இல்லாம ஓடினா மொத்தக் கூடத்துக்கும் சான்று ரத்து. இருநூறு பேருக்கும் பேச்சு போயிரும்."

நான் எழுதிய அறிக்கையை மேசைமேல் வைத்தேன். படித்தார்.

"இந்த நாலு பேரையும் எழுதணுமா?"

"எழுதணும் டாக்டர்."

"நாலு பேர்கிட்டயும் கேட்டது நான்தான்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணு நல்லதுங்கன்னு சொன்னா. எவ்வளவு பக்குவமான பொண்ணுன்னு வீட்ல போய்ப் பெருமையாச் சொன்னேன்."

அறிக்கை மேலே போகும், கிளஸ்டருக்குள் நுழையும் என் சாவி பிடுங்கப்படும் என்று தெரிந்தது. அதற்குள் ஒன்றுதான் செய்ய முடிந்தது. ஏழு கட்டில்களுக்கும் போய் ஒவ்வொருவர் காதருகிலும் உட்கார்ந்தேன்.

"அண்ணா," என்றேன் குழந்தைவேலிடம். "காலைல எட்டு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஏழு. மூணு வேளை என் குரல்ல சாப்டாச்சுங்களான்னு வரும். அதுக்கு மட்டும் ஆச்சுன்னு சொல்லிருங்க. மத்த நேரம் எப்படி வேணாப் பேசுங்க."

"வயித்துல டியூப்பை சொருகிட்டு சாப்டாச்சான்னு கேப்பே. நான் ஆச்சுன்னு சொல்லோணுமா?"

"சொல்லணும்ணா. இல்லன்னா உங்க வாயில பேசின அந்த ஆள் திரும்பி வந்துருவாரு."



"செரி. சொல்லித் தொலைக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை என் சாவி வேலை செய்யவில்லை. அனுமதியில்லாமல் ஏழு டப்பாக்களைத் தொட்டதற்காகப் பணிநீக்கம். நான்கு பேரைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. என் இடத்தில் வேறொருவரை அமர்த்தினார்கள். டி.வி.யில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்ததைப் பார்த்தபடி வெளியே வந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து ஐம்பத்தெட்டாம் நாள் கோகிலா போன் செய்தார்.

"மறுக்காவும் மாறிட்டாருங்க. நாளன்னிக்குக் கேக்க வர்றாங்க. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போவீங்களா?"

பார்வையாளர் நேரத்தில், மற்றவர்களைப் போலச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்னத் திரை உண்டு. முதலில் அதைத்தான் பார்த்தேன். சேமிப்பு இணைந்துள்ளது. புதுப்பித்தல் பூஜ்யம். நிலை நலம். தாமோதரன் வரவில்லை. குழந்தைவேலின் சொந்த டப்பாதான் ஐம்பத்தெட்டு நாளாக ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஒரு நிமிடம் நீடித்தது.

"அண்ணா, சிந்துஜா வந்திருக்கேன்."

"ஆச்சு."

"எப்படிண்ணா இருக்கீங்க?"

"ஆச்சு."

"மாமா, பட்டறையில பெரிய லேத்தை ஓட்டறாங்க. பெல்ட்டு புதுசு மாத்தியாச்சு," என்றார் கோகிலா.

"ஆச்சு."

"உங்களுக்கு எம்மேல கோவமுங்களா?"

"ஆச்சு."

அவருடைய குரல்தான். அதே கரகரப்பு. கோகிலா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"இந்த வாட்டி என்னுங்க ஆச்சு? மெஷினா?"

"நான்தாங்கக்கா. சோதனையில தேறின பதிலை மட்டும் சரின்னு குறிச்சுக்கிட்டுக் கத்துக்கோன்னு மென்பொருளுக்கு நான்தான் சொல்லி வெச்சேன். அவர் பேசற மத்த எதுவும் சரின்னு குறிக்கப்படறதில்ல. மூணு வேளையும் ஆச்சு சொல்லுங்கன்னு அவர்கிட்டச் சொன்னதும் நான்தான். ஐம்பத்தெட்டு நாள், நூத்தி எழுபது தடவைக்கு மேல சொல்லியிருக்காரு. மத்தவங்க சேமிப்பு அவங்க சிக்னலோட ஒட்டியே இருந்துச்சு, இவரோடது அஞ்சு மாசம் ஓரமாக் கெடந்து ஒட்டாமப் போனதால இந்த ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிச்சு. இப்ப அவர் எதைச் சொல்ல ஆரம்பிச்சாலும் அது ஆச்சுன்னே முடிச்சுருது."

"உள்ள அவரு?"

"உள்ள அவர் வேற ஏதோ சொல்லிட்டுத்தான் இருப்பாரு."

"கத்திட்டு இருப்பாரு," என்றார் கோகிலா.

"சரிபண்ண என்கிட்ட இப்ப சாவி இல்ல. டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லலாம். ஆனா திரையில எல்லாம் நலம்னு காட்டறப்ப, அவர் நம்பினாலும் சட்டப்படி தடுக்க முடியாது. நாளன்னிக்குக் கேட்டா ஆச்சும்பாரு. அவங்களுக்கு அது மறுப்பு இல்ல."

கோகிலா வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வேறு ஏதோ கட்டிலில் யாரோ ஆச்சுங்க என்றார்கள்.

"பேச்சே இல்லாத நோயாளிகிட்ட சம்மதம் கேப்பாங்களா?" என்று கேட்டார்.

"கேக்க முடியாதுக்கா. சட்டப்படி குரல் இருந்தாத்தான் கேக்கலாம்."

"அப்ப பேச்சை எடுத்துரலாமுங்களா?"

எடுக்கலாம். மனைவி கையெழுத்திட்டால் திட்டத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். டப்பாவை நிறுத்திச் சேமிப்பையும் அழித்துவிடுவார்கள், அதுவும் விதி. மூச்சு மெஷினோடு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், வாரம் இருமுறை நர்ஸ் வருவார். ஆனால் அதன்பின் குழந்தைவேல் ஒரு வார்த்தைகூடப் பேச முடியாது, எப்போதுமே. இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன்.

அவர் உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். "மாமா, பேச்சை நிறுத்திட்டு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க. செரிங்களா?"

"ஆச்சு."

கோகிலா எழுந்தார். ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். 

மற்ற ஆறு பேர் வீடுகளுக்கும் அன்றே போன் செய்தேன். இரண்டு வீடுகளில்தான் எடுத்தார்கள். அதில் ஒருவர், "எங்கப்பா இப்பத்தாங்க நிம்மதியா, சாந்தமா இருக்காரு. கெளப்பி விடாதீங்க," என்று வைத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ஆவாரம்பாளையம் போனேன். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. இரும்புத்தூள் வாசனையும் ஆயில் வாசனையும் வாசல்வரை வந்தன. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த அறையில் கட்டிலைப் போட்டிருந்தார்கள். லேத் சத்தம் காதைப் பிளந்தது. அவருக்கு அந்தச் சத்தம் கேட்கட்டும் என்றுதான் அங்கே போட்டதாகக் கோகிலா சொன்னார். தலைமாட்டில் ஸ்பீக்கர் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு விபூதிக் கிண்ணம் இருந்தது.

குழந்தைவேல் கண் மூடிப் படுத்திருந்தார். எனக்கு அவர் பக்கத்தில் உட்காரப் பயமாக இருந்தது. என் குரல் அவருக்குத் தெரியும். வாயே திறக்காமல் சுவரோரம் நின்றேன்.

பட்டறையில் ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். லேத் நின்றது. கோகிலா ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, குழாயில் கஞ்சியை மெல்ல இறக்கினார். முடிந்ததும் அவர் காதருகே குனிந்தார்.

"மாமா, சாப்டாச்சுங்களா?"

காத்திருந்தார். முப்பது நொடி இருக்கும், நான் எண்ணாமல் இருக்க முடியவில்லை. பிறகு கோகிலா குரலைத் தடிப்பாக்கி, முகத்தைச் சுளித்து, அவரே சொன்னார்.

"ஏன், நீ போட்டியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் கணவரின் நெற்றியில் கை வைத்தார். "இதையே சொல்றாரா, வேற என்னத்தையாச்சும் சொல்றாரான்னு தெரியறதில்லீங்க," என்றார் என்னிடம். "என்னை வையறாருன்னு நெனச்சுக்கறேன். வையட்டும். நான் வேற வார்த்தையக் கேட்டு மயங்குனவதானே."

 என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அதற்குள் கோகிலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க சாப்டாச்சுங்களா?"

ஆச்சுங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

"இல்லீங்கக்கா," என்றேன். "பசிக்குது."

கட்டிலில் குழந்தைவேலின் மூச்சு மெஷின் அதே வேகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கோகிலா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தட்டு எடுத்து வந்தார்.